பட்டாணிக்காரியின் புதுத் தாடை

வாயில் மூங்கில் சீவல்களைக் கவ்விக்கொண்டுதான் மா செய்ன் யீ எங்கள் தெருவுக்குள் நுழைவாள். தலையில் அலுமினியத் தாம்பாளம். அதில் வாழையிலை போட்டு மூடிய, முளைகட்டி அவித்த பட்டாணி. இடுப்பில் எண்ணெய்ப் புட்டியும் பொரித்த வெங்காயமும் வைத்த சின்னக் கூடை. எதிரே வருகிறவர்கள் அவள் எதையோ தின்றுகொண்டு வருவதாக நினைப்பார்கள். தின்கிற காரியம் இல்லை அது. மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே ஆப்பு அடித்த மாதிரி சீவல்களைச் சொருகியிருப்பாள். வாய் கொஞ்சம் பழகினதும் இன்னொரு சீவலைச் சேர்த்துச் சொருகுவாள். கண்ணில் தண்ணீர் வரும். நடை நிற்காது.

என் ரொட்டி அடுப்புக்கு வந்ததும் சீவல்களைக் கையில் துப்பி, துடைத்து, கூடைக்குள் போடுவாள். பிறகு சுவரைப் பார்த்து நின்று கீழுதட்டை மேலுதட்டோடு சேர்க்கப் பார்ப்பாள். பிள்ளைகள் பலூன் ஊதுகிற மாதிரி கன்னம் ஒரு பக்கம் மட்டும் உப்பும்.

"பெ..." என்பாள். காற்றுதான் வரும்.

"நேத்தைக்கு இன்னைக்குத் தேவலையா, கோ மாரி?"

கோ என்றால் பர்மிய மொழியில் அண்ணன், மாரி நான். தேவலை என்று சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. ஒருநாள் மரியாதைக்கு அப்படிச் சொல்லிவிட்டேன். பாதி வெந்த ரொட்டியை எத்தனை பேருக்கு விற்றாய் என்று தெரு கேட்கக் கேட்டுவிட்டாள். அதிலிருந்து, "இல்லை, அதே காத்துதான்" என்றே சொல்லிவிடுவேன். தலையை ஆட்டாமல் கண்ணை மட்டும் ஆட்டிச் சரி என்பாள். தலையில் தாம்பாளம் இருக்கிறதே.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவள் பேசுவதை நான் இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். நேரில் கேட்டால் உதடு சேர வேண்டிய எழுத்தெல்லாம் பாதி தேய்ந்துதான் வரும். எச்சில் ஒழுகும், துண்டால் ஒற்றிக்கொள்வாள். பழகினவர்களுக்குப் புரியும். ஆனால் பழகினவர்களுக்குப் புரிந்து என்ன செய்ய? ரங்கூனில் பட்டாணி விற்கிறவள் கூவுகிற சொல் 'பெப்யோ'. இரண்டு உதடும் ஒன்றை ஒன்று அடிக்காமல் அந்தச் சொல்லில் பாதிகூடப் பிறக்காது.

டீக்கடை வாசலில் தந்தூர் அடுப்பு என்னுடையது. நான்ரொட்டிக்குப் பட்டாணிதான் ஜோடி, அதனால் இவளை எனக்கு நெடுங்காலப் பழக்கம். எங்கள் தெரு குறுகல், கட்டடங்கள் உயரம், மின்தூக்கி எதிலும் கிடையாது. ஒவ்வொரு மாடி முன்னாலும் ஒரு கயிறு தொங்கும். நுனியில் ஒரு கிளிப் அல்லது ஒரு பிளாஸ்டிக் பை. கீழே குரல் கேட்டால் காசோடு கயிறு இறங்கும், பட்டாணியோடு ஏறும். மா செய்ன் யீக்கு ஆட்களின் பெயர் தெரியாது. கயிறுதான் தெரியும். "மூணாம் மாடிச் செவப்புக் கயிறு ரெண்டு நாளா இறங்கலை, காய்ச்சலா பாருங்க" என்பாள். பார்த்தால் காய்ச்சலாகத்தான் இருக்கும்.

கயிற்றின் மேல் நுனியில் மணி கட்டியிருப்பார்கள். செய்தித்தாள் போடுகிறவன் இழுப்பான், தண்ணீர் கொண்டுவருகிறவன் இழுப்பான். இவள் இழுத்ததே இல்லை. குரல் போன பிறகாவது மணியை இழுத்து விற்கலாமே என்று கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் கேட்டார்கள்.

"கயித்த இழுத்தா வாங்குன்னு சொல்றதா ஆயிடும்," என்றாள். "கூவினா, இருக்குன்னு சொல்றது. நான் யாரையும் வாங்குன்னு சொன்னதில்ல."

அந்தக் குரலைப் பற்றி என்ன சொல்ல. தாழ்வாகக் கிளம்பும், கட்டடத்தின் மேல் ஏறும், கடைசி மாடிக்கு மேலே போய்த்தான் முடியும். தொண்டையில் பலம் ஒன்றும் கிடையாது, பக்கத்தில் நின்று கேட்டால் சாதாரணமாகத்தான் இருக்கும். மேலே இருக்கிறவர்களுக்குத்தான் பெரிதாகக் கேட்கும்.

வலது கன்னத்துக்குள் எப்போதும் வெற்றிலை அதக்கியிருப்பாள். கூவும்போது நாக்கால் ஒதுக்கிக்கொள்வாள், கூவி முடித்ததும் மறுபடி பழைய இடத்துக்குத் தள்ளுவாள். எங்கள் ஊரில் வெற்றிலை போடாத வாய் எது? அந்தக் கன்னத்துக்குள் ஒருநாள் புண் வந்தது. சுண்ணாம்பு சுட்டுவிட்டது என்றாள். அந்தப் பக்கத்துக்கு ஓய்வு கொடுத்துவிட்டு இடது கன்னத்தில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு வந்தாள். புண் ஆறவில்லை. வீங்கியது. கடைசியில் கன்னத்தை ஓட்டைபோட்டுக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. துண்டால் மூடிக்கொண்டு அப்போதும் கூவினாள். அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவள் செத்துப்போன அவள் புருஷனுடைய தங்கை மா கின் லே. பயந்த சுபாவம். ஆனால் அன்றைக்கு அவள் பயப்படவில்லை.

புற்று எலும்பு வரை போய்விட்டது, வலப்பக்கத்துத் தாடையையும் அதன்மேல் கன்னத்தையும் எடுத்தாக வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். எடுத்த இடத்தில் காலிலிருந்து எலும்பு எடுத்து வைப்பார்களாம். மா செய்ன் யீ தாடையைப் பற்றிக் கேட்கவே இல்லை. காலைப் பற்றித்தான் கேட்டாள். கால் போனால் தெருவுக்கு எப்படி வருவது? முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பு உண்டு, வெளிப்பக்கம் இருக்கிற ஒல்லி எலும்பை எடுத்தாலும் மற்றது தாங்கும், நடக்கலாம் என்று டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார்.

இவள் படத்தில் அந்த ஒல்லி எலும்பைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப இத்தன வருசமா ஒரு எலும்ப சும்மாத்தான் தூக்கிக்கிட்டுத் தெருத்தெருவா அலைஞ்சேனா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டாராம். பிறகு ஒரு காரியத்தை மறைக்காமல் சொன்னார். வெறும் எலும்பை வைத்தால் அது செத்த குச்சி. அதனால் எலும்பு, அதை ஒட்டிய கொஞ்சம் தசை, மேலே தோல், மூன்றையும் ரத்தக் குழாயோடு ஒரே துண்டாகப் பெயர்த்து எடுப்பார்கள். எலும்பை அங்கங்கே வெட்டித் தாடை மாதிரி வளைத்துத் தகடு வைத்து முடுக்குவார்கள். அந்தக் குழாயைக் கழுத்துக் குழாயோடு, கண்ணுக்குத் தெரியாத நூலால் பூதக்கண்ணாடிக்குக் கீழே தைப்பார்கள். தைத்த இடம் அடைத்துக்கொண்டால் வைத்தது முழுதும் அழுகிவிடும், மறுபடி எடுத்துப் போட வேண்டியதுதான். அந்தப் பெரிய ஆபத்து ஆரம்ப நாட்களில்தான். அதைத் தாண்டிவிட்டால் எலும்பு அங்கேயே ஊன்றிவிடும். நாற்றங்காலிலிருந்து மண்ணோடு பெயர்த்து நடுகிற மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன்.

"கூவ முடியுமா?" என்று கேட்டாள்.

டாக்டரம்மா அதற்கு மட்டும் ஆம் என்று சொல்லவில்லை. சாப்பிடலாம், பேசலாம், கூவுவது உன் கையில் என்றார். "என் கையிலன்னா செரி" என்று சொல்லிவிட்டு இவள் ரேகை வைத்தாள்.

காலையில் உள்ளே போனவள் பொழுது சாய்ந்த பிறகுதான் வெளியே வந்தாள். மறுநாள் நான் போய்ப் பார்த்தேன். கழுத்தில் மூச்சுவிடக் குழாய், மூக்கில் கஞ்சிக் குழாய், காலில் பெரிய கட்டு. வலது கன்னத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கெண்டைக்கால் தோல். வெயிலில் கறுத்த, சொரசொரப்பான, இரண்டு மூன்று முடி முளைத்த தோல். சுற்றிலும் கறுப்பு நூல் தையல். செருப்புக் கடைக்காரன் ஒட்டுப் போட்ட மாதிரி இருந்தது. அதன் நிறத்தையும் சூட்டையும் நர்ஸ் வந்து வந்து பார்த்துவிட்டுப் போனார். வெளிறினாலும் ஆபத்து, நீலம் பாரித்தாலும் ஆபத்து, சில்லிட்டாலும் ஆபத்து.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்தக் கூத்து நடந்தது. எங்கள் பக்கத்தில் தலைதான் உயர்ந்தது, கால்தான் தாழ்ந்தது. பிக்குவின் முன்னால் கால் நீட்டினாலே பாவம். மா கின் லேயால் அண்ணியின் முகத்தில் காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியவில்லை. பெண்பிள்ளை முகம் வெறுமனே இருக்கிறதே என்றும் ஒரு கவலை. நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் பையிலிருந்து தனக்காக் கட்டையையும் சின்னக் கல்லையும் எடுத்தாள். இங்கே பெண்கள் கன்னத்தில் மஞ்சளாகப் பூசிக்கொள்கிற மரப்பட்டை அது. தண்ணீர் விட்டு நீர்க்கத் தேய்த்து, அந்த ஒட்டுத் தோல் மேலே மட்டும், தையலில் படாமல், கோழி இறகால் தடவினாள். அழகாகத்தான் தடவினாள். காய்ந்ததும் தெரியவே இல்லை, தோலே அப்படி என்று நினைக்கும்படி இருந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எனக்கும் தப்பாகப் படவில்லை. நேற்றுவரை காலாக இருந்ததை முகமாக்குகிறாள், வேறென்ன.

சின்ன டாக்டர் ஒருவர் பார்க்க வந்தார். எட்ட நின்று பார்த்ததுமே அவர் முகம் மாறியது. விரலை வைத்தார். தனக்கா குளிர்ச்சிதானே. சில்லென்று இருந்திருக்கும். மாஸ்க் போட்ட மனிதருக்கு வாசனையும் தெரியவில்லை. வெளிறிப் போய்விட்டது, சில்லிட்டுவிட்டது, மறுபடி ஆபரேஷன் அறையைத் தயார் செய்யுங்கள் என்று சொல்லிக்கொண்டே ஓடினார். நர்ஸ்கள் ஓடினார்கள். கட்டிலைத் தள்ளச் சக்கரப் பூட்டைக் கழற்றினார்கள். மா செய்ன் யீக்குப் பேச்சில்லை, கழுத்தில் குழாய். என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயம் இல்லை, கோபம்தான் இருந்தது. யாரோ தன் தாம்பாளத்தைத் தட்டிவிட்ட மாதிரி.

டாக்டரம்மா வேகமாக வந்தார். குனிந்தார். மாஸ்க்கைக் கீழே இறக்கிவிட்டு அந்தத் தோலை முகர்ந்து பார்த்தார்.

"எந்தூர்க் கட்டை இது? ஷ்வேபோவா?"

"ஆமாங்க, நல்ல கட்டைங்க," என்றாள் மா கின் லே, அழுதுகொண்டே.

உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தார் டாக்டரம்மா. அடியில் தோல் கறுப்பும் சிவப்புமாய் உயிரோடு இருந்தது. ஊசி நுனியால் குத்தினார். நல்ல சிவப்பாக ஒரு சொட்டு எழும்பி நின்றது. சின்ன டாக்டர் சுவரில் சாய்ந்துகொண்டார். பிறகு டாக்டரம்மா மா கின் லேயைப் பார்த்துத் திட்டிய திட்டு அந்த வார்டு முழுதும் கேட்டது. நன்றாகத் திட்டு வாங்கியபிறகும் மா கின் லேக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

"காலு தோலு முகத்துல இருக்கே டாக்டரம்மா. அத அப்படியே விட்றதா?"

"நேத்துலேர்ந்து அது கழுத்து ரத்தத்தக் குடிச்சு வளருது. இனிமே அது காலில்ல. அது முகம்," என்றார் டாக்டரம்மா. "காயம் ஆறினதும் எவ்வளவு வேணும்னாலும் பூசுங்க. அதுவரைக்கும் அந்தக் கல்லு என் மேசையில இருக்கட்டும்."

கல்லை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒட்டு பிடித்துக்கொண்டது. அப்புறம் மிச்சப் புற்றைச் சுடக் கதிர்வீச்சு வைத்தார்கள். அதில் வாய் பூட்டிக்கொண்டது. அதற்குத்தான் அந்த மூங்கில் சீவல். கால் கொஞ்சம் இழுக்கும், கட்டைவிரல் மடங்கி நிற்கும், அதனால் ரப்பர் செருப்பை நாடாவால் கணுக்காலோடு கட்டிக்கொள்வாள். தலையை மேலே அண்ணாக்க வராது. அதைப் பற்றி டாக்டரம்மா கவலைப்பட்டபோது, தாம்பாளம் தூக்குகிறவள் எந்தக் காலத்தில் அண்ணாந்து பார்த்தாள் என்று கேட்டாளாம்.

தெருவில் பேசாமல் இருப்பார்களா. அடுத்த வீட்டு அம்மாள் ஒருத்தி, கால் இருக்கிற முகத்தோடு புத்தர் கோயிலில் எப்படிக் குனிந்து கும்பிடுவாள் என்று கேட்டாள். கால் மேல் சாப்பாட்டைத் தூக்கி வருகிறாளே என்றாள் இன்னொருத்தி. மா செய்ன் யீ அடுத்த பௌர்ணமிக்கே கோயிலுக்குப் போய், எல்லோரையும்விட நன்றாகக் குனிந்து, வலது கன்னம் தரையில் படும்படி கும்பிட்டுவிட்டு வந்தாள். சைக்கிள் ரிக்‌ஷாக்காரர்கள் வேறு மாதிரி. அவள் கன்னத்தைப் பார்த்து, "முட்டி சௌக்கியமா?" என்று விசாரிப்பார்கள். "முட்டி இல்லடா, கெண்டக்காலு. கிட்ட வா, ஒதச்சுக் காட்டுறேன்" என்பாள். தெருவே சிரிக்கும்.

ஆனால் அவள் பிரச்சினை சிரிப்பில் தீரவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த காலத்தில் தெரு கைமாறிவிட்டது. பின்சந்தில் பெரிய அண்டாக்களில் பட்டாணி அவிக்கிற டா மியாதான் யாருக்கு எந்தத் தெரு என்று பிரித்துக் கொடுப்பாள். வயசானவள், சொன்னால் சொன்னதுதான். இவள் தெருவை கோ தான் ஸா என்கிற ஆளுக்குக் கொடுத்திருந்தாள். அவன் சைக்கிளில் வருவான். கைப்பிடியில் ஒலிபெருக்கி. அதில் அவன் மனைவியின் குரலைப் பதிந்து வைத்திருந்தான். 'பெப்யோ, சூடான பெப்யோ' என்று அது பாட்டுக்குக் கத்தும். பேட்டரி தீரும் நேரத்தில் குடிகாரி மாதிரி இழுக்கும். ஆள் கெட்டவன் இல்லை. உனக்கொரு பெட்டி வாங்கித் தருகிறேன், யார் குரலையாவது பிடித்துக்கொள் என்று இவளிடமே வந்து சொன்னான்.

இவள் என்னிடம் வந்து வைதாள். "அவன் பொண்டாட்டி வீட்ல தூங்குறா. அவ குரலு மட்டும் தெருவுல அலையுது. அது ஒரு பொழப்பா?"

டா மியா அரைத் தாம்பாளம் பட்டாணி கொடுத்து, பஜார் முனையில் உட்கார்ந்து விற்கச் சொல்லியிருந்தாள். போகிற வழியில்தான் எங்கள் தெருவைக் கடந்து போவாள், சுவரைப் பார்த்து நின்று பழகுவாள். பஜாரில் உட்காருவது அவளுக்குப் பிடிக்கவே இல்லை. வெயில் கிடையாது, கால் வலி கிடையாது, நல்லதுதானே என்று நானே சொல்லிப் பார்த்தேன்.

"ஒக்காந்து வித்தா மூஞ்சியப் பாத்துத்தான் வாங்குவான்," என்றாள். "பாத்ததும் ஒருத்தி விலகிப் போறா. இன்னொருத்தி ஐயோ பாவம்னு ரெண்டு மடங்கு வாங்குறா. ரெண்டும் எனக்கு வேணாம். தெருவுல கயிறு மூஞ்சியப் பாக்காது."

மழைக்காலத்தின் நடுவில் டா மியாவிடம் நேராகப் போய்த் தெருவைத் திருப்பிக் கேட்டாள். கிழவி முடியாது என்று சொல்லவில்லை. கூவத் தெரியாதவளுக்குத் தெரு கொடுத்தால் பட்டாணி மிஞ்சும், மிஞ்சினதை யார் தின்பது என்று கேட்டாள். பிறகு ஒரு கணக்குப் போட்டாள். மழைக்காலம் முடிகிற விளக்குப் பண்டிகைக்குள் ஒரு நாள் காலை இவள் கூவட்டும். கீழ் மாடிக்காரர்கள் இவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டுக் கயிறு விடுவார்கள், அது கணக்கில் சேராது. தெருக்கோடி மஞ்சள் கட்டடத்து ஏழாம் மாடிக்குப் புதிதாகக் குடி வந்திருக்கிறார்கள். இவளை அவர்களுக்குத் தெரியாது. கீழே நிற்பவள் முகமும் அங்கிருந்து தெரியாது. அந்தக் கயிறு இறங்கினால் தெரு இவளுடையது. இறங்காவிட்டால் பஜார்தான், அப்புறம் பேச்சே கிடையாது. கோ தான் ஸா இதற்கு ஒப்புக்கொண்டான். அவனுக்கு வேறு தெரு உண்டு, எங்கள் தெரு கொஞ்சம் கொழுத்த தெரு, அவ்வளவுதான்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. அந்த ஏழாம் மாடிக்காரர் சாயங்காலத்தில் எங்கள் கடையில்தான் டீ குடிப்பார். நான் வாயைத் திறக்குமுன் மா செய்ன் யீ கண்டுபிடித்துவிட்டாள்.

"மேல போயி ஏதாச்சும் சொல்லிவச்ச, ஒன் அடுப்புலயே ஒன் தலைய சுட்டுருவேன். ஆமா."

சொல்லவில்லை.

அதன்பிறகு அவள் பழகியதைப் பார்க்க வேண்டும். சீவல்களைக் கவ்விக்கொண்டு நடப்பாள். பஜாரில் ஆள் இல்லாத நேரத்தில் மெழுகுவத்தியை ஊதி அணைப்பாள். முதலில் அணையவே இல்லை. உதடு சேராமல் காற்று பக்கவாட்டில் போய்விடும். வைக்கோல் குழல் வைத்துத் தண்ணீர் உறிஞ்சுவாள், பாதி மார்பில் கொட்டும். டாக்டரம்மா ஒரு தடவை, கன்னத்துத் தசை கனமாக இருக்கிறது, கொஞ்சம் குறைத்து உதட்டை இழுத்துத் தைத்தால் சுலபமாகும், பண்டிகைக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் வந்து படுத்துக்கொள் என்றார். பண்டிகைக்குப் பிறகு தெரு இருக்குமா என்று இவள் கேட்டாள். டாக்டரம்மாவுக்கு அது என்ன கேள்வி என்று புரிந்திருக்காது.

பண்டிகைக்கு முதல் நாள் காலை. மழை விட்டிருந்தது, சாக்கடை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. டா மியா கடையில் வந்து உட்கார்ந்து டீ சொன்னாள். கோ தான் ஸா ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுச் சைக்கிளைச் சாய்த்தான். ரிக்‌ஷாக்காரர்கள் யாரும் சவாரிக்குப் போகவில்லை. மா கின் லே மட்டும் வரவில்லை, வீட்டில் உட்கார்ந்து கும்பிட்டுக்கொண்டிருந்தாளாம்.

மா செய்ன் யீ தாம்பாளத்தோடு தெருவுக்குள் வந்தாள். இரண்டு கன்னத்திலும் தனக்கா பூசியிருந்தாள், கால் தோலிலும் சேர்த்து வட்டமாக. எங்களைப் பார்க்கவில்லை. மஞ்சள் கட்டடத்துக்கு முன்னால் போய் நின்றாள். கழுத்தை நேராக வைத்துக்கொண்டு, வயிற்றிலிருந்து மூச்சை எடுத்துக் கூவினாள்.

காற்று வந்தது. அதற்குப் பின்னால் ஏதோ குரல் வந்தது. முதல் மாடியில் ஜன்னல் திறந்தது. அந்த அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு அவசர அவசரமாகக் கயிறு விட்டாள். இரண்டாம் மாடிக் கயிறும் இறங்கியது. மா செய்ன் யீ இரண்டையும் தொடவில்லை. அப்புறம் வருகிறேன் என்று கையை மட்டும் காட்டினாள். டா மியா டீயை ஆற்றிக் குடித்தாள்.

இரண்டாம் முறை. குரல் பெரிதாக இருந்தது, ஆனால் சொல் இல்லை. யாரோ யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருந்தது. அவள் கழுத்து நரம்பு புடைத்தது இங்கிருந்தே தெரிந்தது. ஏழாம் மாடியில் நீலக் கயிறு அசையவில்லை. துண்டை எடுத்து வாயை ஒற்றினாள். அந்தத் துண்டு கொஞ்ச நேரம் வாயிலேயே நின்றது. கோ தான் ஸா தலையைக் குனிந்துகொண்டான். சரி, முடிந்தது என்று நான் அடுப்புப் பக்கம் திரும்பினேன்.

பிறகு அவள் துண்டைத் தோளில் போட்டாள். இடது கையால் கூடையை இறுக்கிக்கொண்டாள். வலது கைக் கட்டைவிரலை உயர்த்தி, தெருவே பார்த்திருக்க, கீழுதட்டுக்கு அடியில் வைத்து, உதட்டை மேலே தள்ளினாள். கதவு சரியாகச் சாத்தாவிட்டால் தோளைக் கொடுத்து அழுத்துவோமே, அந்த மாதிரி. பார்க்க அழகாக இல்லை. பிள்ளை விரல் சூப்புகிற மாதிரி இருந்தது. ரிக்‌ஷாக்காரன் ஒருவன் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். உதடு சேர்ந்தது. அடைத்துக்கொண்டிருந்த காற்று அங்கே முட்டி நின்றது எனக்கே தெரிந்தது. விரலைக் கொஞ்சம் தளர்த்தினாள்.

"பெப்யோ..."

தாழ்வாகக் கிளம்பியது. பழைய குரல் இல்லை, நடுவில் ஒரு கீறல் இருந்தது. ஆனால் ஏறியது. ஒவ்வொரு மாடியாக, அவசரப்படாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற மாதிரி ஏறி, மொட்டைமாடிக்கு மேலே போய் முடிந்தது.

எங்கோ மேலே மரக்கதவுத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. அண்ணாக்க முடியாததால் அவள் மேலே பார்க்கவில்லை, எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நீலக் கயிறு ஆடியது. பிறகு பிளாஸ்டிக் பையோடு, வெட்டி வெட்டி, ஆறாம் மாடி, ஐந்தாம் மாடி என்று இறங்கி அவள் முகத்துக்கு நேராக வந்து நின்றது. யாரோ ஒரு பெண்பிள்ளை மேலேயிருந்து, வெங்காயம் நிறையப் போடச் சொல்லிக் கத்தினாள்.

டா மியா டம்ளரை வைத்துவிட்டு எழுந்து பின்சந்துக்குப் போனாள். கோ தான் ஸா சைக்கிளைத் திருப்பினான்.

மா செய்ன் யீ தாம்பாளத்தை இறக்கிப் பட்டாணியை அளந்தாள், வெங்காயம் போட்டாள், எண்ணெய் விட்டாள், பையைக் கயிற்றில் மாட்டினாள். எல்லாம் இடது கையால்தான். தாம்பாளத்தையும் ஒற்றைக் கையால் தலைக்கு ஏற்றிக்கொண்டு அடுத்த கட்டடத்தைப் பார்க்க நடந்தாள். வலது கைக் கட்டைவிரலை உதட்டுக்கு அடியிலிருந்து எடுக்கவே இல்லை.